மூன்றாம் அறையின் மேல்மண்

மண் எப்படிச் சரியாக வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் அக்கா சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அப்புறம் அது எனக்கும் தெரிந்த விஷயமாகிவிடும்.

இப்படி நினைத்தபடி தங்கை காளான் பண்ணையின் மூன்றாம் அறையில் கடைசி அடுக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பூதக்கண்ணாடி. மற்ற அடுக்குகளில் மேல்மண் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் வெள்ளை மொட்டுகள் கிளம்பியிருந்தன. இந்த அடுக்கின் ஒரு மூலையில் மட்டும், ஒரு சாப்பாட்டுத் தட்டு வைக்கிற அளவு இடத்தில், ஒன்றுமில்லை. அந்த இடம் லேசாக உள்வாங்கி, ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. விரலை விட்டுக் கிளறினாள். அடியில் உரத்தைப் பஞ்சாகப் பிணைத்திருக்க வேண்டிய வெள்ளை இழைகளைக் காணோம். உரம் வழவழவென்று கையில் ஒட்டியது. மோந்து பார்த்தாள். நல்ல அறையில் மழை ஓய்ந்த மண்ணின் வாசம் இருக்கும். இது மூடி வைத்து மறந்துபோன ஈரத்துணியின் வாடை.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். மண்ணின் மேல் ஒரு மினுமினுப்பு. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால், மெல்லிய முடியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொட்டினது போல எண்ண முடியாத கூட்டம். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. நூற்புழு. அடியில் தின்ன இழை தீர்ந்து கூட்டம் பெருத்துவிட்டால் இப்படித்தான் மேலே வந்து நின்று ஆடும். ஈ ஏதாவது வந்து உட்கார்ந்தால் அதன் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடலாம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கும்பலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"மருந்தக்கா! உள்ளயா இருக்கீங்க?"

வாசலில் ரேடியோ. காளான் பறிக்கிற பெண்களில் மூத்தவள். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். பதிலுக்கு அவர்கள் தங்கைக்கு வைத்த பெயர் மருந்தக்கா. பண்ணையில் பூச்சிமருந்து அலமாரியின் சாவி அவள் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கும். அளப்பது, கலப்பது, ஊற்றுவது எல்லாம் அவள் கை மட்டுமே.

"அங்கயே நில்லு. எந்த ரூம்ல இருந்து வர்ற?"

"முதல் ரூம்ல இருந்துதான்."

"அப்ப உள்ள காலை வைக்காத."

"என் செருப்பு என்ன பாவம் பண்ணுச்சு? தொட்டியில முக்கிட்டுத்தானே வந்தேன்."

"செருப்பை முக்கினே. கை?"

"கையையும் முக்கறேன். வாயையும் சேர்த்து முக்கிடுங்க, உங்களுக்கு நிம்மதி."

முதல் அறையில் இருப்பது பழைய பயிர். பறித்துப் பறித்துக் களைத்துப்போனது. களைத்த பயிரில் புழுவும் பூஞ்சையும் ஏதாவது இருந்தே தீரும். அதனால் அந்தப் பண்ணையில் வேலை எப்போதும் இளம் அறையில் தொடங்கிப் பழைய அறையில் முடியும். திரும்பி வருவது கிடையாது. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவள் தங்கை. ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. ரேடியோவுக்கு மட்டும் இன்னும் மறக்கும்.

"மூணாம் ரூம் எப்ப பறிப்பு?" என்றாள் ரேடியோ, வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து. "ஒடிஞ்சதெல்லாம் எனக்குன்னு இப்பவே சொல்லி வச்சுக்கறேன். என் பொண்ணு காளான்னா உசிரை விட்டுடும். போன வாரம் அந்தக் கடைக்குட்டிச் சிறுக்கி எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா, பாத்தீங்கதானே?"

ஒடிந்த காளான் பெட்டியில் ஏறாது. பறிக்கிற பெண்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதற்காக வேண்டுமென்றே இரண்டு மூன்றை ஒடிப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"பாக்கலாம்," என்றாள் தங்கை.

"பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம், அது எங்க வீட்டுக்காரர் பாஷை. தரேன்னு சொல்லுங்க."

"முதல் ரூமை முடி, போ."

ரேடியோ பாடிக்கொண்டே போனாள்.

தங்கை அந்தப் பண்ணைக்கு வந்தது பத்து நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு பேருக்கும் ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அக்கா எதுவும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூச்சப்பட்டுக் காளான் அறைக்குள் நுழைந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக அந்த அறைகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். இருட்டும் ஈரமும் அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரும் அவளைப் பார்த்து, இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை.

போன பருவத்தில்தான் அக்காவும் அறைக்குள் வரத் தொடங்கினாள். அடுப்பும் பாத்திரமும் அலுத்துவிட்டது, எனக்கும் ஒரு ரூம் குடுங்க என்று அத்தானிடம் கேட்டாள். அக்கா தனக்கென்று ஒன்றைக் கேட்டு தங்கை பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தான் சிரித்துவிட்டு மூன்றாம் அறையைக் கொடுத்தார். தங்கையும் சிரித்தாள். அன்று ராத்திரி நெடுநேரம் ஏன் உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இன்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மேல்மண் போட வேண்டிய நாளில் தங்கைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது. விதை ஓடி இழை பிடித்த உரத்தின் மேல் விரல் ஆழத்துக்கு மண் பரப்ப வேண்டும். அப்போதுதான் மொட்டு வரும். மண்ணில் இருக்கும் புழுவும் பூஞ்சையும் சாக அதை முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும். வெந்த மண் டிரம்மில் மூடி இருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது, கடைசி அடுக்குக்குக் குறையும்.

"குறைஞ்சா அந்த மூலையை விட்டுடுக்கா," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "நாளைக்கு வேகவச்சுப் போட்டுக்கலாம்."

வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தபோது கடைசி அடுக்கின் மூலைவரைக்கும் மண் பரவியிருந்தது. தட்டி, சமன் செய்து, அழகாக.

"எல்லாம் சரியா வந்துடுச்சு சின்னு," என்றாள் அக்கா. அவள் தங்கையைச் சின்னு என்றுதான் கூப்பிடுவாள்.

வாயில் பஞ்சு இருந்தது. கேட்க முடியவில்லை. மறுநாள் வீக்கம் வடிந்தது. அப்போதும் கேட்கவில்லை. பாய்லர் அறைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த வேகாத மண் குவியலில் ஒரு பக்கம் புதிதாகச் சரிந்திருந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்து போனாள்.

அக்காவின் கையில் எதுவும் குறைந்துபோனதில்லை. விருந்தாளி கூடினால் பாலில் தண்ணீர் சேர்ந்து எல்லாக் கோப்பையும் நிரம்பும். போர்வை நடுவில் நைந்துபோனால் இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்துவிடுவாள். குறைகிறது என்று சொல்வதே அவளுக்கு ஒரு தோல்வி. அப்படிப்பட்டவள் முன்னால் ஒரு மூலை மொட்டையாகக் கிடந்தால் அவள் என்ன செய்வாள் என்பது தங்கைக்குப் பல் பிடுங்கப் போகும்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்ததோ என்னவோ.

உடை மாற்றும் அறையில் அக்கா தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? பல் வலி மறுபடியுமா?"

"கடைசி அடுக்குல புழு வந்திருக்கு."

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வெளியே துருத்திய முடியைத் தொப்பிக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"ஈ கொண்டு வந்திருக்கும்."

"இருக்கும்."

"தண்ணில இருந்துகூட வரும்னு நீதானே சொன்னே?"

"வரும்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். ரப்பர் செருப்பைக் காலில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலே நாலு சட்டி மண்ணுடி," என்றாள்.

கேட்காமலே சொல்லிவிட்டாள். தங்கைக்குக் கோபம் வந்தது. சேர்த்ததற்காக இல்லை, சொன்னதற்காக.

"மூலை மட்டும் வழிச்சு எடுத்த தலை மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் அவர் எட்டிப் பாப்பாரேன்னு... பாக்க நல்ல மண்ணாத்தான்டி இருந்துச்சு. கறுகறுன்னு."

"பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அதான் மருந்து இருக்கே. ஊத்திடு."

"இப்ப ஊத்தக் கூடாதுக்கா."

"போன தடவை ஊத்தினியே. ஒண்ணும் ஆகலையே?"

"அது உரத்துல. விதை தூவறதுக்கு முன்னாடி. வீரியம் இறங்கற வரைக்கும் ஆறப்போட்டு அப்புறம்தான் விதை போட்டோம். இப்ப மொட்டு வந்தாச்சு. மண்ணுல ஊத்தினா அது உறிஞ்சிக்கும். இந்த வாரம் முடியறதுக்குள்ள பெட்டியில ஏறிடும். டப்பாவுலயே போட்டிருக்கு, மொட்டு கண்டப்புறம் கூடாதுன்னு."

"அளவைக் குறைச்சுக்கோ."

"குறைச்சா புழு சாகாது. காளான் மட்டும் குடிச்சுக்கும்."

"அப்ப அந்த மூலைக்கு மட்டும்."

"நம்ம கண்ணுக்கு அந்த மூலை. அது எங்கெங்க போயிருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஊத்தினா ரூம் முழுக்க ஊத்தணும்."

"வேற என்னதான் பண்றது?"

"ரூமைச் சாத்திட்டு ஆவி விடணும். எல்லாம் வெந்து போகட்டும். அள்ளிக் கொட்டிட்டு முதல்ல இருந்து."

"இத்தனை மொட்டையுமா?" அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஆவி விட்டா அவர் ஏன்னு கேப்பாரே சின்னு."

"கேப்பார்."

"நீ என்ன சொல்லுவே?"

"நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் ரூம், நீதான் சொல்லணும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "சாயங்காலம் பேசிக்கலாம்," என்றாள், ஏற்கெனவே பாதி ஒத்துக்கொண்டவளிடம் பேசுகிற குரலில். அந்தக் குரலைத் தங்கை நன்றாக அறிவாள். அந்தக் குரலுக்கு அவள் இதுவரை ஒருமுறைகூட மறுத்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தான் வந்தார். அவர் கோபக்காரர் இல்லை. கோபப்பட்டுக் கத்தித் தொலைத்தால்கூடத் தேவலை என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவர் சேர்த்து வைப்பார். கல்யாணமான புதிதில் அக்கா கார் கண்ணாடியை ஏற்றாமல் விட்டு, மழையில் இருக்கை நனைந்துபோயிற்று. அந்தக் காரை விற்றே வெகுகாலம் ஆகிறது. இன்றைக்கும் வானம் இருட்டினால் அவர் சிரித்த முகத்தோடு கேட்பார்: "கண்ணாடியை ஏத்திட்டியாம்மா?" அக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருவாள்.

"என்ன மூணாம் ரூம் மகாராணி," என்றார் கை கழுவிக்கொண்டே, "ராஜ்ஜியம் எப்படி இருக்கு?"

"நல்லா வருது."

"சின்னு, நீ சொல்லு. உங்கக்கா எப்பவும் நல்லா வருதுன்னுதான் சொல்லுவா."

"மொட்டு வந்திருக்கு அத்தான்."

அது பொய் இல்லை. உண்மையை இவ்வளவு சாமர்த்தியமாக நறுக்கித் தட்டில் வைக்கத் தனக்கு எப்போது வந்தது என்று அவள் யோசித்தாள்.

"பரவாயில்லையே!" அத்தான் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "நான்கூடப் பயந்தேன். பால்ல கலக்கற மாதிரி இதுலயும் தண்ணியைக் கலந்துடுவாளோன்னு."

அக்கா சிரித்தாள். சிரித்தபடியே தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொம்பு நிறைய இருந்தது.

சாப்பாட்டுக்கு அப்புறம் தங்கை மருந்து அலமாரியைத் திறந்தாள். டப்பா கீழ்த்தட்டில் இருந்தது. மண்டையோட்டுப் படம், சிவப்புக் கோடு. மூடியைச் சுற்றிப் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊற்றினால் என்ன ஆகும் என்று முதலில் நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. புழு செத்துவிடும். காளான் வரும், வெள்ளை வெளேரென்று. மருந்து குடித்த காளானுக்கும் குடிக்காததற்கும் பார்வைக்கு ஒரு வேற்றுமையும் இருக்காது. யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அந்த இடத்தில் மனசு கொஞ்சம் நின்று, இனிப்பைச் சுவைப்பது போல எதையோ நினைத்துச் சப்புக்கொட்டியது. அவள் அதைக் கவனித்தாள். இதுவரை அக்காவிடம் வாங்கிக்கொண்டே இருந்தவள் அவள். இனி அக்கா அவளிடம் வாங்கியவளாகிவிடுவாள். பத்து நாள் கணக்கை யாரும், தானே கூட, இனி எண்ண வேண்டியிருக்காது. இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பட்டா எழுதிக் கொடுத்தது போலத்தான்.

சரி, ஊற்றாவிட்டால்? ஆவி விடுவார்கள். அத்தானுக்குத் தெரியும். கார் கண்ணாடியோடு மண்ணும் சேர்ந்துகொள்ளும். அக்கா மறுபடி அடுப்பங்கரைக்குப் போவாள். மூன்று அறையும் மறுபடி இவளுடையதாகிவிடும். இருட்டு, ஈரம், யாரும் கேள்வி கேட்காத அமைதி. இந்தப் பக்கமும் இனிப்புதான்.

எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான் லாபம் என்று நினைத்தபோது அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. நல்லவள் என்று தன்னை நினைத்துக்கொள்ள ஒரு வழியும் மிச்சமில்லை. அது ஒருவிதத்தில் வசதியாக இருந்தது. தன்னை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். அப்படிப் பார்த்தபோது மிஞ்சியது ஒரு துணிப்பை மட்டும்தான். கைப்பிடி நைந்த, பக்கவாட்டில் பாத்திரக்கடை விளம்பரம் போட்ட ரேடியோவின் பை. அதில் ஒடிந்த காளான்.

அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அந்தக் கயிறு அக்கா முறுக்கிக் கொடுத்தது.

வெயில் சாயும் நேரத்தில் அக்கா கழுவுமிடத்துக்கு வந்தாள். கையில் வாளி, வாளிக்குள் முகமூடி, கையுறை, அளவுக் குவளை. எல்லாவற்றையும் ஏற்கெனவே கழுவித் துடைத்திருந்தாள். அக்கா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

"எல்லாரையும் சீக்கிரமே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்," என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். "மருந்தக்கா, வர்றேன்! முதலாளியம்மா இன்னைக்கு லீவு விட்டுட்டாங்க, மழைதான் வரப்போகுது! ஒடிஞ்சது ஞாபகம் இருக்கட்டும்!"

"போய்ட்டு வா," என்றாள் தங்கை.

சத்தம் தேய்ந்து போயிற்று.

"அவர் சொன்னதைக் கேட்டேதானே," என்றாள் அக்கா. "தண்ணி கலந்துடுவேன்னு."

"கேட்டேன்."

"விளையாட்டுக்குத்தான் சொன்னார்."

"ம்."

"இது தெரிஞ்சா சாகற வரைக்கும் சொல்லுவார். விளையாட்டுக்குத்தான்." அக்கா வாளியின் கைப்பிடியை மாற்றிப் பிடித்தாள். "நம்ம வீட்டுல யாரும் இதைச் சாப்பிடப் போறதில்லையே சின்னு. எங்கயோ போகப்போகுது. யாரோ சாப்பிடப்போறாங்க."

நான் உனக்கு எவ்வளவு செய்தேன் என்று அக்கா சொல்வாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். அதற்கு ஒரு பதில்கூட யோசித்து வைத்திருந்தாள். அக்கா அதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்த நாளில் எப்படிச் சும்மா இருந்தாளோ அப்படியே இப்போதும் வாளியை நீட்டிக்கொண்டு நின்றாள். யோசித்து வைத்த பதில் எதற்கும் உதவாமல் போயிற்று.

தங்கை வாளியை வாங்கினாள். அக்கா பெருமூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின.

தங்கை முகமூடியை எடுத்து அதன் ஆணியில் மாட்டினாள். கையுறையைக் கொடியில் போட்டுக் கிளிப் குத்தினாள். அளவுக் குவளையை அதன் இடத்தில் வைத்தாள். வாளியைப் பலகையின் மேல் கவிழ்த்தாள்.

"மாட்டேன்க்கா."

அக்கா கவிழ்ந்த வாளியையே பார்த்தாள். காரணம் ஏதாவது சொல்வாள் என்று காத்திருப்பது தெரிந்தது. காரணம் சொன்னால் அக்கா அதில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துச் சரிக்கட்டிவிடுவாள்.

"சரி, உன்னால முடியலன்னா விடு," என்றாள் அக்கா கடைசியில். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "சாவியைக் குடு. நானே ஊத்திக்கறேன். எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

அந்த உள்ளங்கையில் மண் ரேகை இருந்தது. கழுவியும் போகாமல், விரல் இடுக்கிலும் கோடுகளிலும் கறுப்பாக. போன பருவத்தில் அந்தக் கை இப்படி இல்லை. தங்கை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு கழுத்துக் கயிற்றை எடுத்து, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மேல் பொத்தானை மாட்டினாள். இரும்பு நெஞ்சில் சில்லென்று பட்டது.